பிரேக் அக்காவின் வலது கால்

பிரேக் அக்காவின் வலது காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் சுவரைப் பார்த்துப் போனால் மிதிப்பதற்கு. வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, கார் இல்லாத இடத்திலும் அந்தக் கால் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை மிதிப்பாள். டிவியில் கார் துரத்தல் வந்தால் பக்கத்தில் இருக்கும் கணவரின் கால்விரல் நசுங்கும். அவர் இரண்டு கால்களையும் சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் படம் பார்ப்பார்.

அந்தப் பெயரை வைத்தது அவளுடைய தம்பி. ஸ்கூலை நடத்துவதும் அவர்கள் இருவரும்தான். பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, சுவர் நிறையச் சாலைக் குறியீடுகள், வாசலில் இரண்டு கார், டெஸ்ட் மைதானத்துக்கு ஆட்களை அள்ளிக்கொண்டு போக ஒரு வேன். அக்கா அதட்டிக் கற்றுக்கொடுப்பாள். தம்பி சிரிக்க வைத்துக் கற்றுக்கொடுப்பான். "தூங்குற குழந்தை கையிலேர்ந்து பொம்மைய எடுக்கிற மாதிரி கிளட்ச்ச விடணும்" என்பான். பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் அவனைத்தான் கேட்டு வருவார்கள்.

ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. இரவு வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வந்த ஒரு நர்ஸ், சிக்னலில் ஸ்டியரிங் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அன்றைக்குத் தம்பி ஒரு விதி போட்டான். சாவி கை மாறும் முன் "தூக்கம்?" என்று கேட்க வேண்டும். "ஆச்சு" என்று பதில் வந்தால்தான் சாவி. அக்கா தம்பிக்கும் விலக்கு இல்லை.

மனைவி பிரிந்து போன பிறகு தம்பி அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தான். தட்டில் சாப்பாடு மிஞ்சியது. வகுப்பில் ஜோக் நின்றது. "தூக்கம்?" என்றால் முகத்தைப் பார்க்காமல் "ஆச்சு" என்பான். அக்கா நம்பவில்லை. ஆபீஸ் வேலை குவிந்து கிடக்கிறது என்று சாக்குச் சொல்லி அவனை மேசையில் உட்கார வைத்தாள்.

மேசையில் உட்கார்ந்தவனுக்கு போன் துணையாயிற்று. போனில் ஒரு குழு. வேலை போனதா, வாடகை ஏறியதா, குடும்பம் உடைந்ததா, எல்லாவற்றுக்கும் அங்கே காரணம் ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்து மார்க்கெட்டில் கடை போட்டிருப்பவர்கள். தம்பியின் வாயில் "அவனுங்க" என்ற சொல் ஏறி உட்கார்ந்தது. அக்காவின் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது, "மாப்ளே, உன் பொண்டாட்டி போனதுக்கும் அந்தப் பழக்கடைக்காரிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டார். தம்பியின் தட்டு பறந்து சுவரில் மோதியது.

பழக்கடைக்காரியும் வெளியிலிருந்து வந்து மார்க்கெட்டில் கடை போட்டவள்தான்; அக்காவிடம் கார் கற்றுக்கொண்டிருந்தாள். முன்னால் போகச் சொன்னால் ராணி மாதிரி போவாள். ரிவர்ஸ் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

தட்டு பறந்த மறுநாள் அக்கா மனநல மருத்துவமனையின் உதவி எண்ணுக்கு போன் போட்டாள். பேசிய பெண் நிதானமாகச் சொன்னாள்: வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், தூக்கம், சாப்பாடு, மனசு என்று அவனைப் பற்றியே கேளுங்கள். பேச்சு செயலாக மாறப் போகிறது என்று தெரிந்தால் உடனே போலீசுக்குச் சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகு அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி சமையலறைக்கு வந்து வேன் சாவிக்குக் கை நீட்டினான். எங்கே என்று கேட்டாள்.

"மார்க்கெட் வரைக்கும். குழுவுல வண்டி கேட்டாங்க. கம்பியெல்லாம் அவங்களே எடுத்துட்டு வர்றாங்க. சும்மா மிரட்டத்தான்."

கணவர் போனை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனார். யாருக்குப் பேசப் போகிறார் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் கால் தரையை அழுத்தியது. தொண்டை வரைக்கும் ஏச்சு வந்து நின்றது. ஆனால் சாவி கையில் இருந்ததால், வாயில் வந்தது தினமும் கேட்கிற கேள்விதான்.

"தூக்கம்?"

அவன் சாவியையே பார்த்தான். அவன் போட்ட விதி.

"ஆகலக்கா. எப்பலேர்ந்துன்னே தெரியல. கண்ண மூடினா அவ பெட்டிய இழுத்துட்டுப் போற சத்தம்தான் கேக்குது."

"அப்ப சாவி இல்லடா."

"சரி" என்றான்.

சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய போன் அடித்தது. அவளே எடுத்து, "டிரைவிங் ஸ்கூல். இன்னைக்கு வண்டி கிடையாது" என்று சொல்லி வைத்தாள். வாசலில் எண்ணை அழுத்த மனம் வராமல் நின்றிருந்த கணவரிடம் தம்பி எழுந்து போய், "குடுங்க மாமா, நானே சொல்றேன்" என்று வாங்கினான். அன்று மார்க்கெட் வாசலில் போலீஸ் நின்றது. கம்பியோடு வந்தவர்கள் பிடிபட்டார்கள். பழக்கடையில் ஓர் ஆரஞ்சுகூட உருளவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனார்கள். கூட இருக்கட்டும் என்று தம்பி கேட்டதால் அக்காவும் உள்ளே போனாள். கட்டிவைத்திருந்ததையெல்லாம் அவன் மூச்சுவிடாமல் கொட்டினான். பேச்சு வேகம் பிடிக்கப் பிடிக்க மேசைக்கு அடியில் டக் டக் என்று ஒரு சத்தம். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். காலில் ஏதாவது வலியா என்று அக்காவைக் கேட்டார்.

"அது பிரேக் டாக்டர்" என்றான் தம்பி. "நான் ஓவர் ஸ்பீடாம்."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்த அக்கா, கர்ச்சீப்பைத் தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

மனச்சோர்வு, மருந்து, வாரம் ஒரு பேச்சு என்று ஆயிற்று. ஒரே நேர்கோட்டில் சரியாகிவிடவில்லை. சில நாள் மாடியை விட்டு இறங்க மாட்டான். ஆனால் குழுவிலிருந்து வெளியே வந்தான். "தூக்கம்?" என்றால், ஆகாத நாளில் "ஆகல" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னான். சாவி மறுபடி கைக்கு வந்த பிறகு, பழக்கடைக்காரியைக் காரில் உட்கார வைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை தான் எதற்கு வண்டி ஓட்டப் போயிருப்பான் என்பதைச் சொல்லிவிட்டான். அவள் கதவைத் திறந்து இறங்கிப் போனாள். அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பல நாள் அக்காவோடு மட்டும் ஓட்டினாள். பிறகு ஒரு காலையில் அறைக்குள் வந்து, அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "அக்கா கத்துற கத்துல ரிவர்ஸ் கியரே எகிறி ஓடுது. இந்தத் தம்பியே வரட்டும். ஆனா பேசாம வரணும்."

"பேசாம எப்படிம்மா சொல்லிக்குடுக்கறது?"

"ஜோக் மட்டும் சொல்லலாம்."

டெஸ்ட் நாளில் அவள் அதிகாரியோடு காரில் இருந்தாள். அக்காவும் தம்பியும் வேலிக்கு வெளியே நின்றார்கள். கார் பின்னால் நகர்ந்தது. இருவருடைய வலது காலும் ஒன்றாக மண்ணை அமுக்கின. கார் கோட்டுக்குள் பதவிசாக நின்றது. பழக்கடைக்காரி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அன்று ஸ்கூலில் எல்லார் கையிலும் ஆரஞ்சு.

மறுநாள் காலை அக்கா சாவிக்குக் கை நீட்டினாள். தம்பி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"தூக்கம்?"

அவள் சந்தோஷத்தில் விடிய விடியப் புரண்டிருந்தாள்.

"ஆகலடா."

"அப்ப சாவி இல்ல. மேசையில உட்காரு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும், அன்று முழுக்க மேசைக்கு அடியில் டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.