தங்கச்சியின் செருப்பு ஸ்டாண்டில் என் சிஸ்டம்

கிரிவலப் பாதையில் என் தங்கச்சி செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறாள். வெறுங்காலில் மலையைச் சுற்றுகிறவர்கள் அவளிடம் செருப்பை விட்டுவிட்டுப் போவார்கள். இதுவரை ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை என்று அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். வந்த வரிசையில் அடுக்கி வைப்பாள், அவ்வளவுதான் அவள் முறை.

நானோ பக்கத்திலிருக்கும் வேங்கிக்காலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். பெரிய இயந்திரங்களில் சிக்கல் பெருகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தபோது, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்ணா, கொஞ்சம் வந்து நில்லு" என்றாள். சும்மா நிற்பதாவது! லேப்டாப்போடு போய், என் புதுச் செருப்பை ஸ்டாண்டு ஓரமாகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

விடிகாலை ஐந்து மணியிலிருந்தே ஆண், பெண், நிறம், அளவு என்று பிரித்து டோக்கன் கொடுத்தேன். ஷூ வந்தது, அதற்கொரு வகை சேர்த்தேன். ஒரு குடும்பம் ஏழு ஜோடியை ஒரே பையில் போட்டு நீட்டியது, அதற்கும் ஒன்று. ஒரு செருப்பு பழுப்பா கறுப்பா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு முதல் ஆள் சுற்றி முடித்து வந்தார். தேடினேன், தேடினேன், கிடைக்கவில்லை. "இன்னாங்க, என் செருப்பு எங்க?" என்று சத்தம் போட்டார். பின்னால் இன்னும் பத்துப் பேர். தங்கச்சியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

"நகருண்ணா! உன் வகையெல்லாம் மூட்டை கட்டி வை" என்று என்னைத் தள்ளினாள். தார்ப்பாயை விரித்து அத்தனை செருப்பையும் கொட்டிப் பரப்பினாள்.

"ஐயோ, கலந்துடுமே!" என்றேன்.

"அவங்கவங்க செருப்பு அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

சுற்றிலும் ஒரு கயிற்றைக் கட்டி, ஒரு டோக்கனுக்கு ஒரு ஜோடி என்று அதனருகே நின்று எண்ணி அனுப்பினாள். புதிதாக வந்ததைப் பத்துப் பத்து ஜோடியாகக் கோணியில் போட்டு, கோணிக்கு ஒரு நிற ரிப்பன் கட்டி, அதே நிறத் துண்டை ஆட்களிடம் கொடுத்தாள். அவள் கோணியை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் ஆபீசில் மாதக்கணக்கில் பேசி எட்டும் தீர்வு அது. எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் தார்ப்பாயில் ஒரே ஒரு ஜோடி மீந்தது. வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. என் புதுச் செருப்பைக் காணோம்.

"உன்கிட்டயும் ஒண்ணு தொலைஞ்சிடுச்சி பாத்தியா!" என்றேன், உள்ளூரச் சந்தோஷமாகத்தான்.

"உன்னுதுக்கு டோக்கன் இருக்குதா?"

இல்லை. ஊரார் செருப்புக்கெல்லாம் வகை கண்டுபிடித்தவன், என்னுடையதை எதிலுமே சேர்க்கவில்லை.

"அப்ப அது கணக்குல வராது" என்று ஊக்குச் செருப்பை என் பக்கம் தள்ளினாள். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அதையே மாட்டிக்கொண்டேன்.