கரண்டு இல்லாமல் துடித்த நாடி

இதை நான் கட்டிவிடவில்லை. நடந்தது 2009 மே மாதம், அதுவும் பட்டப்பகலில். உத்தமபாளையம் ஷர்மின் இன்றும் கம்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நம்பாதவர்கள் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் கேட்காதீர்கள், வாயைத் திறக்க மாட்டாள்.

அப்போது அவள் நர்சிங் இரண்டாம் வருஷம். பயிற்சி அறைக் கட்டில்களில் நோயாளிக்குப் பதில் ரப்பர் பொம்மைகள் படுத்திருக்கும். கரண்டில் ஓடும் மோட்டார் அவற்றின் மணிக்கட்டில் நாடியைத் துடிக்க வைக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணி, பக்கத்துக் கம்ப்யூட்டரில் நோயாளிப் பதிவில் ஏற்ற வேண்டும்.

ஷர்மினுக்கு ஒரு கெட்ட பழக்கம். எண்ணாமலேயே 72 என்று போட்டுவிடுவாள். வார்டில் ஒருமுறை கையும் களவுமாக மாட்டினாள். "இன்னொரு வாட்டி பாக்காம எழுதுன, பரீட்சை கெடையாது ஆத்தா" என்று டீச்சர் வியாகுலமேரி கறாராகச் சொல்லிவிட்டார். பரீட்சை போனால் படிப்பே போச்சு. நிக்காஹ் பேச, அவளைப் பெற்ற அத்தா ஜெய்லானி தயாராகக் காத்திருந்தார்.

அன்று மற்றவர்கள் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். பாக்கிப் பாடத்தை முடிக்க இவள் மட்டும் மூன்றாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

மணி 2.00. கரண்டு போனது. தினமும் மூன்று வரைக்கும் வெட்டுதான். மோட்டார் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில்... கீக்... கீக்...

நல்லதாகப் போச்சு என்று நினைத்தாள். 2.00, 2.10, 2.20, 2.30 நாலுக்கும் 72 போட்டு சேவ் பண்ணினாள்.

திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

72. 58. 40. நாலாவது கட்டம் காலி.

"யா அல்லா, இது என்னா கூத்து!"

மறுபடி 72 அடித்தாள். ஏறவில்லை.

மணி 2.10. வேறு வழியில்லாமல் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

துடித்தது...

மோட்டார் சத்தமே இல்லை. ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். 58.

ஓடியிருப்பாள். ஆனால் கையை விட்டால் நாடி நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

மணி 2.20. நாற்பது.

பொம்மையின் கை சில்லிட்டது...

மணி 2.30.

ஒன்றுமில்லை.

கீக் சத்தமும் நின்றது.

மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. பின்னாலேயே வியாகுலமேரி வந்து பதிவைத் திறந்தார்.

"பாத்துதேன் எழுதுனியா?"

"சத்தியமா எண்ணுனேன் மேடம்."

"கரண்டு இல்லாம பொம்மைக்கு நாடி ஏது?"

தொலைந்தது பரீட்சை. ஷர்மினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் டீச்சர் அவளைப் பார்க்கவே இல்லை. காலையில் 'பொம்மை 3' என்றிருந்த பெயர்க் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதில்...

கருத்தக்கண்ணன். வயது 46. மேகமலை.

"இத யாரு அடிச்சா?"

"நா இல்ல மேடம்..."

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ பரீட்சை எழுது. இத யார்ட்டயும் சொல்லாத."

படிப்பு முடிந்த நாளில்தான் விஷயத்தைச் சொன்னார்.

"தொண்ணூத்தாறுல நானும் படிக்கிற புள்ள. எஸ்டேட்லருந்து அந்தக் கருத்தக்கண்ணன ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டாந்தாக. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நாடி பாக்கச் சொன்னாக. நான் கிட்டவே போகல. ரெண்டு மணிலருந்து நாலு வாட்டியும் எழுபத்திரெண்டுன்னு எழுதி வச்சிட்டேன். மூணு மணிக்குப் போயிப் பாத்தா, ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சு. பேரக்கூட இன்னிக்கு வரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல."



"அப்ப அந்த அம்பத்தெட்டு, நாப்பதெல்லாம் எங்கன இருந்து வந்துச்சு மேடம்?"

"தெரியல ஆத்தா... அன்னைக்கு அந்தக் கைய யாருமே பிடிக்கல."