ஆச்சி பேசிய வியாழக்கிழமை

எழுபதுகளின் நடுவில், லாரி கிளீனர், செங்கல் சூளை, ராமேஸ்வரத்தில் மீன் கூடை என்று சுற்றிவிட்டுக் காரைக்குடியில் வந்து விழுந்தேன். சோறு இறங்கவில்லை. எழுந்து நடக்கவும் பிடிக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை கொடுத்ததோடு, வியாழக்கிழமைதோறும் நோயாளிகளான எங்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்.

எனக்கு அது கொண்டாட்டம். ஆறாம் வகுப்போடு ஓடிப்போனவன் நான். என்ன சொன்னாலும் மானம் போகிறதென்று வருத்தப்பட ஒரு சொந்தக்காரரும் கிடையாது. எல்லாவற்றையும் கொட்டினேன். சீக்கிரமே பசி வந்துவிட்டது.

எதிரே உட்காரும் பள்ளத்தூர் ஆச்சி வாயே திறக்கவில்லை. செட்டியார் வீட்டு மனுஷி. வீட்டு விஷயத்தை அயலார் முன்னால் பேசிப் பழக்கமில்லை. வாரத்துக்கு வாரம் மெலிந்தார். இப்படியே போனால் மதுரைக்கு அனுப்பிக் கரண்ட் வைத்தியம்தான் என்று டாக்டர் அவர் மகனிடம் சொல்லிவிட்டார். அது எங்களுக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை டாக்டர், "வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்களே, யாரோடு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களோடு இருந்த சாக்கோட்டை விவசாயி, மகன் சண்டை போட்டுப் பிரிந்துபோனதில் படுத்துவிட்டவர், ஆச்சிக்காகப் பரிந்து பேசினார்.

"மகன் பிரிஞ்சு தனி அடுப்பு வச்சுட்டாரு போல. அதான் ஆச்சி இப்படி இருக்காக."

ஆச்சி நிமிர்ந்தார்.

"அவன் ஏன் வைக்கிறான்? நாந்தேன் வேறு வச்சேன். கல்யாணம் முடிஞ்சா ஒரே வீட்டுக்குள்ள தனி அடுப்பு வச்சுக் குடுக்கிறது எங்க முறை. பாத்திரம், அரிசி, பருப்பு ஒண்ணும் குறை வைக்கலை. சண்டை போட்டுப் பிரியிறது உங்க வீட்டுல."

எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. டாக்டர் எவ்வளவு கெஞ்சியும் வராத குரல், முறை தெரியாமல் ஒருவர் பேசிய கோபத்தில் வந்துவிட்டது.

விவசாயி அசரவில்லை. "தப்புத்தான் ஆச்சி. முறையாத்தானே செஞ்சிருக்கீக, பெறகு என்ன வருத்தம்?"

ஆச்சி சொன்னார்: "கடைசி மகனையும் வேறு வச்சாச்சு. அரிசிப் பானைக்கு முன்னாடி போய் நிக்கிறேன். ஒருத்திக்கு எம்புட்டுப் போடுறதுன்னு தெரியலை. திரும்பி வந்து படுத்துக்கிறேன்."

ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். ஆச்சி எல்லாவற்றையும் தப்பென்றார். மதுரை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

வெளியே காரில் காத்திருந்த மகனிடம் நான்தான் முதலில் ஓடினேன். "உங்க ஆத்தா பேசிட்டாக."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்டார். பின்னாலேயே வந்த விவசாயி சிரித்தார்.

"என்னைய வைஞ்சாக தம்பி. நல்லாவே வைஞ்சாக."