கொட்டகைக் கதவின் கொண்டி

"உங்கப்பன் பூட்டி வச்சிருக்கிற ஒரு மூட்டை ஏலக்காய நம்பியா ஹாஸ்டலுக்குப் பொட்டி கட்டுற?" என்று அத்தை ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

இன்று குரங்கணிக்கு மேலுள்ள எங்கள் தோட்டக் கொட்டகையில், அந்தப் பூட்டு தொங்கிய கொண்டியைக் கழற்றினேன். திருகாணி இருந்த ஓட்டையிலிருந்து மரத்தூளோடு ஏலக்காய் வாசனையும் வந்தது.

அந்த மூட்டையை விற்றால்தான் எனக்குப் போடியில் ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. விலை ஏறட்டும் என்று காத்திருந்த அந்த மழைக்காலத்தில், அப்பா கதவுக்கு இரண்டு கொண்டியும் ஓர் இரும்புப் பட்டையும் அடித்தார். சுற்றிலும் கம்பி இழுத்துக் காலி டப்பாக்களைக் கட்டினார். டப்பா சத்தம் கேட்டால் கம்போடு ஓடுவார். பெரும்பாலும் குரங்காகத்தான் இருக்கும்.

ஒருநாள் அம்மா கதவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, திருகாணியெல்லாம் வெளிப்பக்கமால்ல இருக்கு? கள்ளன் பூட்டை எதுக்கு உடைக்கணும்?"

"அவன் பூட்டைத்தான் பாப்பான். நீ சத்தமாச் சொல்லாத."

சொன்னாரே தவிர, மூட்டை ஜீப்பு ஏறும்வரை அவருடைய பாய் அந்தக் கதவுக்குக் குறுக்கேதான் கிடந்தது. நான் போடிக்குப் படிக்கப் போனேன், கல்லூரியும் முடித்தேன்.

"அம்புட்டையும் கழட்டிட்டு எப்பிடி ஆத்தா பூட்டுவ?" என்று இப்போது என்னிடம் கேட்டார் அப்பா, கழற்றிய இரும்புப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

"பூட்டப் போறதில்லப்பா. தோட்டத்துப் பிள்ளைக சாயங்காலம் இங்க வந்து படிக்கட்டும்."

பெஞ்சுகளை ஏற்றிய ஜீப்பு போடியிலிருந்து கிளம்பிவிட்டது.