இரவல் பூட்ஸ் காயாத ஞாயிற்றுக்கிழமை

எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் குடும்பத்தை நினைத்துக்கொள்ளும் ரகம். அப்படிப்பட்டவன், அலுவலகத்தில் ஏரிக்குப் படகு ஓட்டப் போகிறவர்கள் பட்டியலில் நானே போய் என் பெயரை எழுதினேன். "தண்ணில இறங்கிப் பழக்கம் உண்டா சார்?" என்று பக்கத்து வரிசைப் பெண் கேட்டபோது, "சின்ன வயசுலேர்ந்தும்மா" என்றேன். குளிப்பதைத்தான் சொன்னேன் என்று என் மனசாட்சியிடம் பிறகு வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். எதை முதலில் அழுத்த வேண்டும், எதை அழுத்தவே கூடாது என்று உலகத்துக்குச் சொல்லும் வேலை. அந்தப் பெண் சேலத்துக்காரி, நிஜமாகவே துடுப்புப் போடுகிறவள். "டிசம்பர் தண்ணி ஐஸ் சார், கால் மரத்துடும்" என்று தன்னுடைய பூட்ஸையே கொடுத்தாள். என் பாதம் எட்டாம் வகுப்போடு வளர்வதை நிறுத்திக்கொண்டதால் அது கச்சிதமாகப் பொருந்தியது.

நியோப்ரீன் என்றாள். ரப்பருக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஏதோ ஒரு கறுப்பு வஸ்து, கணுக்காலுக்கு மேல் வரை.

"திங்கக்கெழம காலைல கொண்டாந்துருங்க சார். மத்தியானம் ஃப்ளைட்டு. நல்லா காஞ்சிருக்கணும், பெட்டியில துணியோட வெக்கணும்."

இமயமலை ஆறு ஒன்றில் படகு விடும் குழுவில் அவளுக்கு முதல்முறையாக இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்த இடம். இந்த பூட்ஸைவிட்டால் அவளுக்கு வேறு ஜோடி கிடையாது.

சனிக்கிழமை ஏரியில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் படகில் ஏறவில்லை. கரையில் நின்று கயிறு பிடித்தேன். அதுவும் பொறுப்பான வேலைதான் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது நானாகவும் இருக்கலாம். அவள் வெறுங்காலோடு படகில் போய்வந்தாள். நான் அவளுடைய பூட்ஸோடு இரண்டு முறை சேற்றில் வழுக்கி, பூட்ஸ் நிறைய ஏரியை மொண்டுகொண்டு வீடு வந்தேன்.

ஈஜிபுராவில் மாடி வீடு, வாடகைக்கு. ஞாயிறு காலை, சேறோடு திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று இரண்டு கரண்டி சோப்புத் தூள் போட்டு பக்கெட்டில் ஊறவைத்தேன். அதன் பிறகு அலசினேன், அலசினேன், அலசிக்கொண்டே இருந்தேன். அமுக்கினால் நுரை வந்தது. ஏழாவது பக்கெட்டில் என் மனைவி எட்டிப்பார்த்து, "மத்தியானத்துக்குக் குடிக்கவாவது கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.

பிழியவும் முடியவில்லை. முறுக்கினால் முறுக்கிக்கொண்டு, விட்டால் பழைய உருவத்துக்கு வந்து, தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டது. வெளியே பெங்களூர் டிசம்பர்: வெயிலும் இல்லை, மழையும் இல்லை, வானம் பூராவும் ஈரத்துண்டு. இருந்தாலும் காற்று அடிக்குமே என்று இரண்டையும் கயிற்றில் கட்டி, வாசல் பக்கத்து பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன்.

அன்று எதிர்வீட்டில் கிரகப்பிரவேசம் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகை வைத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு விஷயங்களையும் என் மூளை தனித்தனி அறைகளில் வைத்திருந்தது.

கால் மணி நேரத்தில் கீழ்வீட்டு ஓனரம்மா மூச்சிரைக்க மேலே வந்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊர், தமிழில் நடுநடுவே கன்னடம் கலக்கும்.

"என்னா சார் இது? எதிர்வூட்டுக்காரங்க வாழமரம் கட்டி ஜனங்கள கூப்ட்டிருக்காங்க. நீங்க கரெக்டா அவங்க மூஞ்சிக்கு எதுர்ல கறுப்பு செருப்பு கட்டியிருக்கீங்க."

"செருப்பு இல்லம்மா, பூட்ஸு. காயப் போட்டிருக்கேன்."

"அது எனக்கு தெரியும் சார், அவங்களுக்கு தெரியணுமே. எங்க கண்ணு அவ்ளோ கொள்ளிக் கண்ணா, திருஷ்டிக்கு ஒண்ணு பத்தாதுன்னு ஜோடியா கட்டியிருக்காருன்னு கேக்கறாங்க. சொல்ப உள்ள எடுத்து வெச்சிடுங்க."

எடுத்தேன். எதிர்வீட்டு வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விளக்கம் சொல்லலாம் என்று கையை ஆட்டினேன். அந்தக் கையில் பூட்ஸ் இருந்தது.

அன்று நாங்கள் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். எனக்கு ஜலதோஷம் பிடித்தது, பூட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தேன். தாள் கூழாகி, விரல் போகும் இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த டிவியின் சூட்டில் காயட்டும் என்று அதன் தலையில் வைத்தேன். "ஷாக் அடிச்சு நீங்க போனா பரவால்ல, டிவி போயிடும்" என்று மனைவி இறக்கினாள். கடைசியில், கேஸ் அடுப்பைச் சிறிதாக வைத்து, தோசைக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒன்றை மட்டும் நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் பஸ் டயர் எரிகிற வாசனை. பதறி எடுத்தால், குதிகால் ஓரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. உள்ளே ஈரம் அப்படியே.

சேதத்தைப் பார்க்க உள்பக்கத்தை வெளியே திருப்பியபோதுதான் அந்தச் சின்னத் துணிப்பட்டி கண்ணில் பட்டது. வெறும் தண்ணீரில் அலசவும், சோப்பு வேண்டாம்; இப்படி உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் தொங்கவிடவும்; சூடு காட்ட வேண்டாம். மூன்றே வரி, சுத்தமான நடை. என் ஆயுளில் நான் எழுதிய எந்தக் கையேட்டையும்விடத் தெளிவு. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் தினமும் புலம்புகிறவன், அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் காலை கடைசி நம்பிக்கையாக, பூட்ஸ் இரண்டையும் ஸ்கூட்டர் ஹாண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போனேன். காற்றில் படபடவென்று ஆடின. லாரிகளுக்கு முன்னால் செருப்பு தொங்கும் அந்தச் சாலையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொம்மனஹள்ளி அருகே தூறல் பிடித்துக்கொண்டது.

அவள் பெட்டியோடு வரவேற்பறையில் காத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: சோப்பு, டிவி, தோசைக்கல். அவள் விறைத்த குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஓரமாக ஒதுக்கி, பூட்ஸை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தாள்.

"வேற ஜோடி வாங்கித் தரேம்மா" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாள், ஜிப்பை இழுத்துக்கொண்டே. "அடுத்த தடவ நீங்க உங்க செருப்போடயே வாங்க. கரையிலதான நிக்கப் போறீங்க."