நாவுலையிலிருந்து உக்குவளைக்கு, ஒரு வேலைக்கு இரண்டு லொறி

போன மாசியில், போயா எனும் முழுநிலா விடுமுறையோடு இன்னொரு நாளும் சேர்ந்து கிடைத்ததால் வில்கமுவவுக்குப் போனேன். நக்கிள்ஸ் மலையைக் கிழக்குப் பக்கமிருந்து பார்க்க ஆசை. பார்த்தேன், அழகுதான். ஆனால் இந்தப் பதிவு மலையைப் பற்றியதல்ல, திரும்பும் வழியில் கண்ட ஒரு அநியாயத்தைப் பற்றியது.

மறுநாள் காலை பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு நிறுத்தத்துக் கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டிருந்த லொறிச் சாரதி திரும்பிப் பார்த்தார். பெயர் ரிஸ்வான்; எல்லோருக்கும் ரிஸ்வான் நானா, அதாவது அண்ணன். உக்குவளைக்காரர்.

"ஏறுங்க தம்பி. நாவுலைக்கிட்ட ஒரு ஸ்டோர்ல இறக்கிட்டு நானும் ஊருக்குத்தான் போறேன்."

ஒன்பதரைக்குக் கிளம்பி, பல்லேகமவில் பிளேன்டீ குடித்து, மதியத்துக்குச் சற்று முன் அந்தத் தனியார் மொத்த ஸ்டோரை அடைந்தோம். வாசலில் பெரிய பலகை: பச்சை இலை முளைத்த ஒரு லொறிப் படம், கீழே 'நாளைய தலைமுறைக்காகப் பசுமைப் போக்குவரத்து'. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

காய் இறக்கி முடிக்கும்போது உக்குவளையில் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா ரிஸ்வான் நானாவுக்கு போன் எடுத்தார். அந்த ஸ்டோரில் அவர் வாங்கிய பத்து மூட்டை வெங்காயம் கிடக்கிறதாம்.

"நானா, நீங்க சும்மாதானே வர்றீங்க? ஏத்திட்டு வந்துருங்களேன்."

இதைவிட நியாயமான பேச்சு உண்டா? ஸ்டோர் மேற்பார்வையாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க லொறியிலதான் அனுப்புவோம். அதான் சிஸ்டம்."

"இவரோட லொறி காலியா அதே ஊருக்குப் போகுதுங்க," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரிஸ்வான் நானாவிடம், "பிரச்சினை பண்ணினா அடுத்த லோட் இறக்க மாட்டோம்," என்றார். நானா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லொறியில் ஏற்றினார்.

நாங்கள் கிளம்பும்போது கம்பெனி லொறியும் கிளம்பியது. எங்களுடையதைவிடப் பெரியது, உள்ளே பத்தே மூட்டை. ஏற்றத்தில் அது கக்கிய கரும்புகை எங்கள் கண்ணாடியில் வந்து அப்பியது. உக்குவளை வரை முப்பது கிலோமீற்றர் சொச்சம் அதன் பின்னாலேயே வந்தோம். எங்கள் லொறி முழுக்கக் காலி. மூட்டையை இறக்கிவிட்டு அதுவும் காலியாகத்தான் திரும்பப் போகிறது. பத்து மூட்டை வெங்காயத்துக்கு இத்தனை டீசல், இத்தனை புகை! அந்தப் பலகையை எழுதியவருக்கு வெட்கம் என்று ஒன்று இருக்குமா?

இரண்டு லொறியும் ஒன்றாக வந்து நின்றதைச் செல்வி அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"இது என்ன ஊர்வலமா?" என்றவர், மூட்டைகளை இறக்கவிட்டபின் கம்பெனி சாரதியிடம் சொன்னார். "தம்பி, ஒங்க மேல கோவமில்ல. ஆனா இதுதான் கடைசி லோட்னு அங்க சொல்லிடுங்க."

அன்று மாலை நான் கிளம்புமுன்பே அக்கா பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரைக் கூட்டிவந்து பேசினார். வில்கமுவக் காய் நேராக அவர்கள் கடைகளுக்கு வரட்டும், போகும்போது வில்கமுவக் கடைகளுக்குச் சீனியும் குளிக்கிற சவர்க்காரமும் போகட்டும் என்றார். ரிஸ்வான் நானா உடனே சம்மதிக்கவில்லை. ஸ்டோரைப் பகைத்தால் பிழைப்பு என்னவாகும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் லோட் தர்றோம் நானா. அப்புறம் அவன் கேட்ல போய் எதுக்கு நிக்கணும்?" என்றார் அக்கா.

போன வாரம் விசாரித்தேன். இப்போது லொறி இரு வழியும் சாமானோடு ஓடுகிறது. சில நாள் பாதிதான் நிரம்புகிறதாம். ஆனாலும் நானா அந்த ஸ்டோர்ப் பக்கம் போவதில்லை.

வில்கமுவவுக்குப் போகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். வாசகர்களில் யாராவது கடை வைத்திருந்தால், உங்களுக்குச் சாமான் கொண்டுவரும் லொறி திரும்பும்போது எதை ஏற்றிப் போகிறது என்று ஒருமுறை கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால், தயவுசெய்து சும்மா விடாதீர்கள்.