இரண்டு தாள் புரட்டியபோது

அன்றைக்குத் தலைமையாசிரியை அறையில் இருந்தது ஐந்து பேர். தலைமையாசிரியை, நாலாம் வகுப்பு டீச்சர், நான், என் தம்பி, என் மகள். வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. படியேறும்போதே தம்பி, “அக்கா, நீ அழ மட்டும் செய்யாத. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றான்.

மகளுக்கு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். பீங்கான் பட்டறையில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை. டிசி கைக்கு வந்தால் அவளும் சீக்கிரமே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

“எழுதச் சொன்னா ஒரு வரி தேறல. திமிருங்க” என்றார் தலைமையாசிரியை.

“வூட்ல நல்லா படிக்குதுங்க மேடம்.” தம்பி தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான். மகள் விரல் வைத்து, தடுமாறாமல் படித்தாள்.

“பாத்தீங்களா? வராம இல்ல, வேணும்னே பண்ணுது” என்றார் தலைமையாசிரியை.

தம்பி என்னைப் பார்த்தான்.

“நீ மேல படிம்மா” என்று டீச்சர் எழுந்து வந்தார். மகள் தலைமையாசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்லிப் போனாள். டீச்சர் மெதுவாக இரண்டு தாளைப் புரட்டிவிட்டார். விரல் புதுப் பக்கத்தில் நகர்ந்தது. வாய் பழைய பாடத்தையே சொன்னது. கொஞ்சம் கழித்துத்தான் குனிந்து பார்த்து நிறுத்தினாள்.

“வீட்ல யாரு படிச்சுக் காட்டுறது?”

“நான்தாங்க. மனசுல நிக்கட்டும்னு” என்றேன்.

“எங்கக்காவுக்கு ஒருக்கா படிச்சா பயம் போவாதுங்க, நாலு தடவ படிக்கும். எதிர்வூட்டு ஆடுகூட ஒப்பிக்கும்” என்றான் தம்பி.

டீச்சர் மட்டும் சிரித்தார். “கேட்டதெல்லாம் அப்படியே வச்சிருக்கா. எழுத்துதான் பிடிபடல. டிஸ்லெக்சியான்னு சொல்ற வாசிப்புக் குறைபாடா இருக்கலாம். திமிரு இல்ல மேடம்.” பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சோதித்துச் சான்று வாங்கி வந்தால் கேள்வியை வாயால் கேட்டுப் பரீட்சை வைக்கலாம் என்றார்.

தலைமையாசிரியை மேசையிலிருந்த டிசி புத்தகத்தை மூடிவைத்தார். “அந்தச் சான்று வரட்டும். அதுவரைக்கும் டிசி எழுதல.”

பட்டறை முதலாளியிடம் ஆயிரத்து ஐநூறு முன்பணம் வாங்கிப் பாண்டிச்சேரி போனோம். சான்று வந்தது. எழுத்துகளைக் களிமண்ணில் உருட்டிப் பழக்கச் சொன்னார் டீச்சர். மண்ணுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. அரைப்பரீட்சையில் அவர் கேள்வியைப் படித்தார், மகள் பதில் சொன்னாள். பாஸ். டிசி பேச்சு நின்றது. ரிப்போர்ட் கார்டில் நான் கையெழுத்துப் போட்ட வாரமும் கூலியில் முன்பணத்துக்காக நூறு பிடித்தார்கள். பாக்கி எழுநூறு ரூபாய்.